கண்மாய்க்கு அம்மை இறங்கிய கோடை

நான் குளம் பார்க்க வேண்டும் என்றேன். மதுரை ரிக்ஷாக்காரர் என்னைக் கிரிக்கெட் ஆட்டம் பார்க்கக் கூட்டிச் சென்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வவுனியாவில் பிறந்தவளுக்குக் குளம் என்றால் காட்டோரத்தில் கடல்போல் விரிந்து கிடந்து வயல்களுக்கு நீர் கொடுப்பது. மதுரைச் சீமையில் அதற்குக் கண்மாய் என்று பெயர். குளம் என்பது கோயிலுக்கு உரியது. சென்னையில் சில ஆண்டுகள் படித்திருந்தும் இந்த வேறுபாடு என் காதில் விழுந்ததேயில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி, ஒரு பங்குனி மாதம். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். எங்கள் பக்கத்துக் குளங்களில் மீன்களுக்கு வரும் நோய்களைப் பார்ப்பது அப்போது என் வேலை. சென்னை விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்து விலங்கியல் படித்த தனலட்சுமி, மதுரையில் கல்லூரி ஆசிரியையாகி, நகருக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ‘எங்கள் ஊர் மீனுக்கு என்னவோ செய்கிறது. நீ வந்து பார்த்தால் என் கொழுந்தன் தலைநிமிர்வான்’ என்று சொல்லியனுப்பியிருந்தாள். மீனுக்கு நோய் வந்தால் கொழுந்தன் ஏன் தலைகுனிய வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

நான் ஒரு நாள் முந்தியே வந்துவிட்டேன். ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டு, மாலைவரை சும்மா இருக்க மனமில்லாமல் வாசலில் நின்ற ரிக்ஷாக்காரரிடம், “பக்கத்தில் பெரிய குளம் ஏதும் இருக்கோ? பார்க்க வேணும்” என்றேன்.

“பெரியகுளமா? அது தேனிப் பக்கமுல்லக்கா இருக்கு. அம்புட்டுத் தூரம் மிதிச்சா நான் போய்ச் சேந்துருவேன், நீங்க போய்ச் சேர மாட்டீக.”

ஊரைச் சொல்லவில்லை, நீர் நிற்கும் பெரிய இடத்தைச் சொல்கிறேன் என்று விளக்கினேன். “அப்படிச் சொல்லுங்க, தெப்பக்குளம்” என்று நகரத்தின் மேற்கிலிருந்து கிழக்குவரை வெயிலில் மிதித்து வண்டியூரில் கொண்டுபோய் இறக்கினார். நாற்புறமும் கற்படிகள், நடுவில் அழகான மண்டபம். சொட்டுத் தண்ணீர் இல்லை. காய்ந்த தரையில் ஒரே நேரத்தில் மூன்று கிரிக்கெட் ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன.

“தண்ணீர் எங்கே?”

“தைமாசம் தெப்பம் ஓடுறப்ப வரணும்க்கா. குளத்தக் காட்டச் சொன்னீக, காட்டிப்புட்டேன். தண்ணியையும் நானே ஊத்தவா?”

மீன் பார்க்க வந்தவள் படியில் அமர்ந்து ஓர் ஆட்டம் முடியும்வரை பார்த்தேன். யார் நன்றாகப் பந்து வீசுவான், யார் அழுகுணி ஆட்டம் ஆடுவான் என்றெல்லாம் அவர் பக்கத்தில் நின்று விளக்கினார். இவ்வளவு பொறுமையான வழிகாட்டி எனக்குப் பின்னாட்களில் வேறெங்கும் வாய்க்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் இரண்டாவது பிழை. சிறிய மெஸ் ஒன்றில் பரிமாறுபவர் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்: “அயிரைக் கொழம்பு, விரால் வறுவல், நெத்திலி, முட்டை, ஜிலேபி.” அயிரைக் குழம்பு கேட்டேன். விரல் நீளம்கூட இல்லாத மீன். முள்ளோடு கரையும் ருசி. எங்கள் பக்கத்தில் அதை யாரும் இந்த மரியாதையோடு சமைப்பதில்லை. மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடிக்கும் தறுவாயில், “இனி அந்த ஜிலேபியைக் கொண்டு வாங்கோ” என்றேன்.

“இப்பவா? மோருக்கா?”

“ஓம். கடைசியில்தானே அது.”

அவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: “அண்ணே, சிலோன் அக்காவுக்கு மோருக்குத் தொட்டுக்க ஒரு ஜிலேபி!”

தட்டில் வந்தது மிளகாய் பூசிப் பொரித்த ஒரு மீன். அதன் முதுகு முள்ளையும் தடித்த உதட்டையும் பார்த்ததும் என்னை அறியாமல், “இது யப்பான் எல்லோ!” என்றேன்.

“இல்லக்கா, வைகையில புடிச்சது. ஜப்பான்ல இருந்தெல்லாம் நமக்கு மீன் வராது.”

எங்கள் பக்கத்தில் அந்த மீனுக்கு யப்பான் என்றுதான் பெயர். அது யப்பானைக் கண்டதில்லை. இனிப்புக்கும் அதற்கும் உறவில்லை. ஆப்பிரிக்க ஆறுகளில் பிறந்த திலாப்பியா அது. பெயர் தமிழ் நாவில் உருண்டு உருண்டு ஜிலேபியாகிவிட்டது. ஐம்பதுகளில் இந்தக் கரைக்குக் கொண்டுவரப்பட்டவற்றில் ஒரு பங்கு எங்கள் தீவிலிருந்து வந்தது என்று படித்திருந்தேன். அப்படியானால் நானும் அதுவும் ஒரே கடலைத் தாண்டி வந்தவர்கள். இராமேசுவரத்துக் கப்பலடியில் என் வாந்திபேதித் தடுப்பூசிச் சான்றைச் சுகாதார அதிகாரி இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீனிடம் எவரும் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள்.

கேட்டிருந்தாலும் அதனிடம் காட்டுவதற்கு அதிகம் இருந்திராது. பிறந்த ஆற்றில் அதன் செவுளிலும் குடலிலும் ஒட்டி வாழும் புழுக்கள் பல. அவற்றில் சில, நத்தை ஒன்றின் உடலிலும் பறவை ஒன்றின் வயிற்றிலும் தங்கிய பிறகே மீனுக்குள் வந்து சேரும். சில குஞ்சுகளை மட்டும் பாத்திரத்தில் அள்ளிக் கடல் கடத்தும்போது அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி பின்தங்கிவிடுகிறது. பங்காளிகளை ஊரில் விட்டுவிட்டு அயலூரில் குடியேறியவன் போல, தொல்லையின்றித் தழைக்கிறது அந்த மீன். உள்ளூர் மீனோ தன் பங்காளிகளோடு மல்லுக்கட்டியபடியே அதனோடும் போட்டியிட வேண்டும். இப்படி எண்ணியபடியே அந்த ஜிலேபியை முழுதாகச் சாப்பிட்டுவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலை தனம் வந்தாள். தலை சற்று நரைத்திருந்தது, சிரிப்பு மாறவில்லை. திண்டுக்கல் சாலையில் பேருந்து விளாங்குடியைத் தாண்டியதும் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். எங்களுக்குப் பின்னால் இருவர் பேசிக்கொண்டார்கள்.

“ஏன் மாப்ள, உங்க பக்கத்து ஊர்க் கண்மாய இந்த வருசம் அழிக்கலையா?”

நான் திடுக்கிட்டுத் தனத்தைப் பார்த்தேன். “கண்மாய் என்றால் உங்கள் ஊர்க் குளம். அழிப்பது என்றால் கோடையில் தண்ணீர் வற்றும்போது ஊரே இறங்கி மீனைப் பிடித்துக்கொள்வது” என்று அவள் காதோடு சொன்னாள்.

“அங்கிட்டு எவன் எறங்குவான்? மீனுக்கு அம்மை போட்ருக்குல்ல. மடையில வேப்பங்கொழை கட்டியாச்சு.”

“மீனுக்கு அம்மையா? யாரு மாப்ள தொட்டுப் பாத்தது?”

“சிரிக்காத. அந்த முத்தையா, சீனாக் கெண்டைனு பிளாஸ்டிக் பையில குஞ்சு கொண்டாந்து எறக்குனான் பாரு, அன்னைக்குப் புடிச்சது சனி. இப்ப அவன் வந்து ஒக்காந்தா டீக்கடையில ஒருத்தனும் பேச மாட்டேங்குறாங்ய.”

தனம் சாலையைப் பார்த்தபடி, “முத்தையாதான் என் கொழுந்தன்” என்றாள்.

அவரைக் கண்மாய்க் கரையிலேயே சந்தித்தோம். நாற்பதை நெருங்கிய, நெட்டையான மனிதர். “வாங்க மதினி. வாங்க டீச்சர்” என்றவர், நான் கேட்குமுன்பே வலையை வீசினார். நீர் வற்றி நடுவில் மட்டும் கலங்கலாய்த் தேங்கியிருந்தது. வலையில் வந்த உள்ளூர்க் கெண்டைகளின் உடலெங்கும் சிவந்த வட்டப் புண்கள். விராலின் வாலடியிலும் அப்படியே. தூரத்திலிருந்து பார்த்தால் அம்மை முத்துகள் என்றுதான் எவரும் சொல்வார்கள்.

ஒரு புண்ணின் நடுவில் வெள்ளை நூல்போல் ஒன்று தொங்கியது. உருப்பெருக்குக் கண்ணாடியை முத்தையாவிடம் கொடுத்தேன். நூலின் நுனியில் இரண்டு முட்டைப் பைகள். மறுமுனை நங்கூரம்போல் கிளைத்து மீனின் சதைக்குள் ஊன்றியிருந்தது.

“இம்புட்டூண்டுப் புழுவா! இதுவா அம்மை?”

“புழு என்று சொல்கிறோம். உண்மையில் இது இறாலுக்குத் தூரத்துச் சொந்தம்” என்றேன்.

“சொந்தக்காரன்னாலே இப்படித்தான் டீச்சர். வந்தா நங்கூரம் போட்ருவான்.”

அவர் சிரிக்கவில்லை, நாங்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். சீனக் கெண்டைக் குஞ்சுகளோடு கூடவே இந்த நங்கூரப் புழுவும் பையில் வந்திருக்க வேண்டும். விற்றவருக்கும் தெரிந்திராது, வாங்கியவருக்கும் தெரிந்திராது. ஜிலேபி தன் சுமையை இறக்கிவிட்டு வந்து பரவியது. சீனக் கெண்டை சுமையோடு வந்து அதை மற்றவர்கள் முதுகில் ஏற்றிவிட்டது.

செய்ய வேண்டியது என்ன என்று கேட்டார். மீன் முழுவதையும் எடுத்துவிட்டு, தரை வெடிக்கும்வரை கண்மாயைக் காயவிட வேண்டும் என்றேன். ஒட்டிக்கொள்ள மீன் இல்லாவிட்டால் இந்தப் புழுவுக்கு வாழ்வில்லை. அப்படிச் செய்யாமல் விட்டால், ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து மறுகால் வழியாக உபரி நீர் அடுத்த ஊரின் கீழக் கண்மாய்க்குப் பாயும். புழுவும் கூடவே போகும். புது மீன் எதுவும் இன்னும் எட்டிப் பார்க்காத கண்மாய் அது. மதுரைக்கு அயிரை போவது அங்கிருந்துதான் என்றாள் தனம்.

முத்தையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அழிச்சாத்தான் தீரும்ங்கிறீக. அம்மைனு சொல்லி அழிக்க விட மாட்டேங்குறாங்ய. கீழ ஊருக்கும் போச்சுன்னா ரெண்டு ஊருக்கும் நான்தான் பாவி டீச்சர். அப்புறம் எனக்கு இங்கன என்ன இருக்கு?”

மூன்றாம் நாள் மாலை கரையிலுள்ள அம்மன் கோயில் முன்பு ஊர் கூடியது. தனம் வகுப்பறையில் பேசுவதுபோல் தெளிவாகப் பேசினாள். எல்லோரும் மரியாதையோடு கேட்டார்கள். ஊர்த் தலைவரான அம்பலக்காரர் தொண்டையைச் செருமினார்.

“நல்லாச் சொன்னே தாயி. ஆனா அம்மை இருக்குற வீட்டுல மீன் வாடையே ஆகாது. நீ என்னடான்னா அம்மை இருக்குற கண்மாயில மீனே புடிக்கச் சொல்ற.”

இதற்கு விலங்கியலில் விடை இல்லை. கண்ணாடியைக் கைக்குக் கை கொடுத்தோம். பார்த்தவர்கள் வியந்தார்கள். “ஆத்தாவோட முத்துக்கு நூல் வேற கோத்திருக்கு” என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முத்தையா கூட்டத்தின் ஓரத்தில், எவரும் பக்கத்தில் உட்காராத இடைவெளியில், தரையைப் பார்த்தபடி இருந்தார்.

அப்போது ஒரு பெண், “ஏக்கா, உங்க ஊர்ல அம்மை வராதா?” என்று என்னைக் கேட்டாள். வாய்க்குப் பேர்போனவள் அவள் என்று தனம் முன்பே சொல்லியிருந்தாள், பெயர் பேச்சி. மகளைக் கீழ ஊரில் கட்டிக்கொடுத்திருந்தாள்.

“வரும். நாங்கள் அம்மாள் வருத்தம் என்று சொல்லுவம். வேப்பிலை கட்டுவம். தலைக்குத் தண்ணி வார்க்கும் வரைக்கும் அந்த வீட்டு ஆக்கள் வேறை வீட்டுக்குப் போகமாட்டினம்.”

“மாட்டினமாம்ல!” என்று என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆனாலும், “இங்கிட்டும் அதே கதைதான்” என்று பலர் தலையசைத்தார்கள். பேச்சி சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

“ஏண்ணே அம்பலம், அம்மை போட்ட பிள்ளைய வாசப்படி தாண்ட விடுவமா?”

“விட மாட்டோம்.”

“அப்ப ஐப்பசியில மறுகால் பாயுறப்ப இந்த மீனு எங்கிட்டுப் போகும்? எம்மக வாக்கப்பட்ட ஊருக்குல்ல போகும்! நம்ம வீட்டு அம்மைய அடுத்த வீட்டுக்கு அனுப்பிட்டு, மடையில வேப்பங்கொழையக் கட்டி வச்சா ஆத்தா நம்மளச் சும்மா விடுவாளா?”

நாங்கள் கண்ணாடி வழியாகக் காட்ட முயன்றதை ஊர் தன் வழக்கத்துக்குள்ளேயே ஏற்கெனவே வைத்திருந்தது. அம்மை என்ற சொல் தவறு என்று நிரூபிக்கவே நானும் தனமும் அதுவரை பாடுபட்டுக்கொண்டிருந்தோம்.

அம்பலக்காரர் பேச்சியைப் பார்த்துத் தலையசைத்தார். “சரி, அழிப்போம். ஆனா ஒரு செதிள்கூட எந்த வீட்டுக்கும் போகக் கூடாது. அம்புட்டையும் கரையில குழி வெட்டி மூடணும்.”

நன்றாகச் சமைத்தால் அந்த மீனால் மனிதருக்குக் கெடுதியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தனம் என் கையை அழுத்தினாள். அவள் செய்தது சரி. சமையலுக்கென்று குடத்தில் உயிரோடு போகும் மீன், எந்த ஊருணியில் போய் இறங்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

“துண்டு வீசுறது யாரு?” என்று ஒருவர் கேட்டார். அம்பலக்காரர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசிய பிறகே எவரும் நீரில் கால்வைக்கலாம் என்பது அங்கே முறை. அவர் கூட்டத்தின் ஓரத்தைப் பார்த்தார்.

“எறக்குனவனே ஏத்தட்டும்” என்றார்.

அது தண்டனையா மன்னிப்பா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

பயணத்தைத் தள்ளிப்போட்டேன். தண்டோரா போட்டு, இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் ஊர் கரையில் திரண்டது. ஆளுக்கொரு ஊத்தா; அடிப்பக்கம் திறந்த, மூங்கிலால் ஆன கூம்புக் கூடை. அதைச் சேற்றில் குத்தி மேல்வாய் வழியாகக் கைவிட்டு மீனைப் பிடிப்பார்கள். வழக்கமாக வாழ்க்கைப்பட்டுப் போன பெண்களெல்லாம் பிறந்தகம் வரும் நாள். இம்முறை எவரையும் அழைக்கவில்லை. முத்தையா துண்டைக் கையில் வாங்கிக் கரையின் விளிம்புக்கு வந்தார். அவர் வீசினார். ஆரவாரமின்றி, ஒரு சடங்குக்கு இறங்குவதுபோல் எல்லோரும் இறங்கினார்கள்.

அந்த அடக்கம் நீடிக்கவில்லை. பெரிய விரால் ஒன்று அம்பலக்காரரின் கையிலிருந்து வழுக்கி அவரைச் சேற்றில் உட்காரவைத்தது. “அண்ணே, அம்மை உங்களுக்கு எறங்கிருச்சு!” என்று யாரோ கத்த, கண்மாய் முழுவதும் சிரித்தது. அதன்பின் அது மீன்பிடி நாளாகிவிட்டது. குழியில் சீனக் கெண்டைகள் தொட்டில் பிள்ளை அளவில் விழுந்தபோது மட்டும் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். “ஒண்ணக் கொழம்பு வச்சா ஒரு தெருவுக்கே காணும்” என்றாள் பேச்சி. ஆனாலும் கரையில் காவலுக்கு நின்று ஒவ்வொரு கூடையையும் உதறிப் பார்த்தவள் அவள்தான்.

நான் குழியோரம் அமர்ந்து மீன்களைப் புரட்டிப் பார்த்தேன். உள்ளூர்க் கெண்டையிலும் விராலிலும் புழு மொய்த்திருந்தது. ஜிலேபியில் எப்போதாவது ஒன்று. அதன் செவுளைத் திறந்தால் கழுவி வைத்தது போலிருந்தது. முத்தையா அருகில் குந்தினார்.

“இவனுக்கு மட்டும் ஏன் டீச்சர் ஒண்ணும் ஆகல?”

பங்காளிகளை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவன் என்றேன்.

அவர் அதை மனத்தில் புரட்டிப் பார்த்தார். “அப்ப வர்றவன் சும்மா வந்தாலும் இருக்குறவனுக்குக் கேடு, சுமந்துக்கிட்டு வந்தாலும் கேடு.”

நான் அடுத்த மீனை எடுத்தேன். வந்தவள் ஒருத்தியிடம் அவர் அதைச் சொல்கிறார் என்பதை அவர் நினைத்திருக்க மாட்டார்.

உச்சி வெயிலில் குழி மூடப்பட்டது. அம்பலக்காரர் தம் சொம்பிலிருந்து குடித்துவிட்டு, வாய் துடைத்து, அதை முத்தையாவிடம் நீட்டினார். முத்தையா அண்ணாந்து குடித்தார். தனம் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறு ஆண்டு கீழக் கண்மாயை அழித்தபோது கூடை கூடையாக அயிரை வந்ததாகவும், அதில் ஒன்றிலும் புண் இல்லை என்றும் தனம் தெரிவித்தாள். தனத்தின் ஊர் மேலக் கண்மாயில் மழைக்குப் பிறகு ஜிலேபி எப்படியோ திரும்ப வந்துவிட்டதாம். அது எனக்கு வியப்பளிக்கவில்லை.

அந்தக் கோடையில் நான் புறப்பட்ட காலையில் பேச்சி ஒரு குடத்தோடு வழிமறித்தாள். மஞ்சளும் வேப்பிலையும் கலந்த நீர்.

“செருப்பக் கழட்டுங்க. அஞ்சாறு நாளா எங்க கண்மாய்ச் சேத்துல நடந்திருக்கீக. நீங்க போற ஊர்லயும் தண்ணி இருக்குல்ல?”

“இருக்கு. நாங்கள் குளம் என்று சொல்லுவம்.”

“கண்மாய்ங்கட்டும், குளம்ங்கட்டும். மீனுக்கு எல்லாம் ஒண்ணுதான்.” முழங்கால்வரை ஊற்றி, விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் தேய்த்துக் கழுவினாள். செருப்பை ஒரு பகல் வெயிலில் காயவைத்தே தந்தாள். அதற்காக நான் இன்னொரு நாள் தங்க வேண்டியதாயிற்று. என் சேலைக் கரையில் படிந்த மஞ்சள் பிறகு எந்தச் சலவைக்கும் போகவில்லை.

கப்பலடியில் அதே சுகாதார அதிகாரி. தடுப்பூசிச் சான்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முத்திரையைத் தடவினார், திகதியைச் சரிபார்த்தார். என் கால்களை அவர் பார்க்கவில்லை. நகங்களில் மஞ்சள் இன்னும் மங்காமல் இருந்தது.